'ஒரு கீறல் கூட இல்லாத வண்டி சார்': அடிபட்ட காரை மறைத்து விற்றால் சட்டம் என்ன சொல்கிறது?

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது கிட்டத்தட்ட ஒரே டயலாக்தான். "சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வண்டி. ஒரிஜினல் பெயின்ட். ஒரு கீறல் கூட கிடையாது."

பணம் கைமாறுகிறது. ஆர்சி புக்கில் பெயர் மாறுகிறது. இரண்டு மாதம் கழித்து சர்வீஸுக்கு விட்டால், லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்த மெக்கானிக் வேறு கதை சொல்கிறார். "இது முன்னாடி பெருசா அடிபட்ட வண்டி சார். பில்லரையே வெட்டி ஒட்டியிருக்காங்க. ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணும் இல்ல."

கோபத்தோடு விற்றவரிடம் போனால் வரும் பதில்: "நீங்க கேட்கவே இல்லையே சார்?"

இந்தப் பதில் சட்டப்படி செல்லுமா? சில நேரம் செல்லும் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதில்தான் லட்சக்கணக்கான ரூபாய் திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கிறது.

வண்டியின் பழைய சேதத்தை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

நேரடியாக அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 50-வது பிரிவு, உரிமை மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. அதற்குத்தான் படிவம் 29, படிவம் 30. வண்டி யாருடையது, கடன் பாக்கி இருக்கிறதா, வரி கட்டியாச்சா என்பதெல்லாம் இந்த நடைமுறையில் வந்துவிடும். ஆனால் 'இந்த வண்டி எப்போதாவது விபத்தில் சிக்கியதா?' என்று ஒரு கட்டம் ஆர்சி-யிலும் இல்லை, இந்தப் படிவங்களிலும் இல்லை.

பழைய கார் வியாபாரிகளுக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அவை அமலில் இருக்கின்றன. டீலர் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததும் அதை ஆன்லைனில் தெரிவித்தால் அதன்பின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். டெஸ்ட் டிரைவ் போன்ற பயணங்களைப் பதிவு செய்ய வேண்டும். விற்றவர் தலையில் அடுத்தவர் ஓட்டிய விபத்து வழக்கு விழாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் இதன் நோக்கம் 'வண்டி யார் பொறுப்பு' என்பதுதான். 'வண்டி எப்படி இருந்தது' என்பதற்கு இதில் பதில் கிடைக்காது.

சில நாடுகளில் நிலைமை வேறு. பிரிட்டனில் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கழித்துக்கட்டிய வண்டிகளுக்கு வகை பிரித்து எழுத்து போடுகிறார்கள். 2017 அக்டோபர் முதல், ரிப்பேர் செய்யத்தக்க வண்டிகளில் கட்டமைப்பு சேதம் என்றால் 'எஸ்', மற்றவை என்றால் 'என்'. அமெரிக்க மாநிலங்களில் மோசமாக அடிபட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' முத்திரை விழும். அடுத்தடுத்து எத்தனை பேர் கை மாறினாலும் அந்த முத்திரை கூடவே போகும். இங்கே டிங்கரிங் பட்டறையைத் தாண்டியதும் வண்டியின் கடந்த காலம் அழிந்துவிடுகிறது.

அப்படியானால் மறைத்து விற்கலாமா?

கூடாது. தனிச் சட்டம் இல்லையே தவிர, பொதுவான நான்கைந்து சட்டங்கள் இதைப் பிடிக்கின்றன. அதில் முதலாவது, கார் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் எழுதப்பட்டது.

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. மோசடி என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு இது. 'சும்மா இருப்பது மட்டுமே மோசடி ஆகாது; பேச வேண்டிய கடமை இருந்தும் பேசாமல் இருந்தால், அல்லது மௌனமே பேச்சுக்குச் சமமாக இருந்தால் அது மோசடி' என்பது அதன் சாரம். இதை விளக்க அந்தச் சட்டமே ஒரு குதிரையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறது.

ஒருவர் தன் குதிரைக்கு உடல்நலம் சரியில்லை என்று தெரிந்தே ஏலத்தில் விற்கிறார். குதிரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. இது மோசடி அல்ல.

அதே குதிரையை, அப்போதுதான் மேஜராகியிருக்கும் தன் மகளுக்கே விற்கிறார் என்றால்? அங்கே உறவே பேசும் கடமையை உண்டாக்குகிறது. சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது உதாரணம்தான் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களுக்குப் பொக்கிஷம். வாங்குபவர் சொல்கிறார்: நீங்கள் மறுக்கவில்லை என்றால் குதிரை நல்ல நிலையில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன். விற்பவர் எதுவும் சொல்லவில்லை. இப்போது அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். மோசடி.

குதிரையை எடுத்துவிட்டு காரைப் போட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு மெசேஜ்: "இந்த வண்டி பெரிய ஆக்சிடென்ட் ஆகல, வெள்ளத்துல மூழ்கல, மீட்டர் குறைக்கலன்னு நம்பித்தான் வாங்குறேன். அப்படி ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க." பதில் 'இல்லை' என்று வந்தால் அது பொய் வாக்குறுதி. பதிலே வராமல் ப்ளூ டிக் மட்டும் விழுந்தால், 150 வருடப் பழைய குதிரை உதாரணம் துணைக்கு வரும். "நீங்க கேட்கலையே" என்ற பதிலுக்கு இனி இடமில்லை.

மோசடியால் செய்த ஒப்பந்தத்தை 19-வது பிரிவின்படி ரத்து செய்யலாம். ஆனால் அதே பிரிவில் ஒரு கொக்கி இருக்கிறது. வெறும் மௌனத்தால் நடந்த மோசடி என்றால், சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் வாங்கியவரே உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்ற நிலையில் ரத்து செய்ய முடியாது. பானெட்டைத் திறந்தாலே தெரியும் வெல்டிங்கை, திறந்தே பார்க்காமல் வாங்கியவருக்கு இந்தக் கொக்கி வலிக்கும். விற்றவர் வாய்திறந்து பொய் சொல்லியிருந்தால் இந்தக் கொக்கி பொருந்தாது. அதனால்தான் கேட்பது முக்கியம். கேள்வி வந்தால், மௌனமாக இருந்தவர் பேச வேண்டிய கட்டாயத்துக்கு வருகிறார்.

கார் கன்சல்டிங்கில் வாங்கினால் கூடுதல் பாதுகாப்பு உண்டா?

உண்டு. சரக்கு விற்பனைச் சட்டம் 1930, 16-வது பிரிவு 'வாங்குபவரே ஜாக்கிரதை' என்ற கொள்கையில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் வாங்கினால், பொருள் விற்பனைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடும். எழுதாவிட்டாலும் சேரும். பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தக் காரை விற்றால் இந்த நிபந்தனை வராது. கன்சல்டிங் கடைக்காரருக்கு வரும்.

இங்கேயும் ஒரு விதிவிலக்கு: வாங்குபவர் வண்டியைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அவர் உரிமை கோர முடியாது. உள்ளே மறைந்திருக்கும் குறைகளுக்குக் கோரலாம். ஐந்து வருடப் பழைய வண்டியில் கிளட்ச் தேய்ந்திருப்பதும், சேசிஸ் வளைந்து நிமிர்த்தப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. முதலாவது வயது. இரண்டாவது மறைக்கப்பட்ட உண்மை.

பல கடைகளில் டெலிவரி நோட்டில் 'வண்டி உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, பிறகு எந்தப் புகாரும் ஏற்கப்படாது' என்று அச்சடித்தே வைத்திருப்பார்கள். கையெழுத்துப் போட்டாச்சே, எல்லாம் போச்சா? முழுதாகப் போகாது. தானாகச் சேரும் தர நிபந்தனையை இப்படி எழுதி விலக்கிக்கொள்ளச் சட்டம் ஓரளவு இடம் கொடுக்கிறது. ஆனால் தெரிந்தே பொய் சொல்லி விற்றதை அந்த ஒற்றை வரி காப்பாற்றாது. மோசடி செய்ய யாருக்கும் முன்கூட்டியே அனுமதி எழுதிக் கொடுக்க முடியாது.

இதற்கு மேல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. பழைய, புதுப்பித்த பொருளைப் புதியது என்று காட்டுவது அதில் 'நியாயமற்ற வணிக நடைமுறை'. முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரம் 'தவறாக வழிநடத்தும் விளம்பரம்'. ஆன்லைனில் போட்டோ போட்டு 'நான் ஆக்சிடென்டல்' என்று எழுதும் வியாபாரிகள் இந்த வரியைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது வாங்குபவருக்கு நல்லது. வண்டி விற்றதும் விளம்பரம் காணாமல் போய்விடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் எங்கே போகின்றன?

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கியதைத் தமிழகமே டிவியில் பார்த்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் அடித்துச் செல்லப்பட்ட கார்கள் எல்லாம் பழைய இரும்புக்கடைக்குப் போய்விட்டதா என்றால், இல்லை.

இன்சூரன்ஸ் கணக்கில், ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில், அதாவது ஐடிவி-யில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்'. உரிமையாளருக்கு இழப்பீடு கிடைக்கும். மிச்சம் இருக்கும் வண்டி 'சால்வேஜ்' ஆக ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் அதைப் பிரித்து ஸ்பேர் பார்ட்ஸாகவும் விற்கலாம், சரிசெய்து ரோட்டிலும் விடலாம்.

வண்டி அழிந்துவிட்டாலோ, நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாத நிலைக்குப் போனாலோ 14 நாட்களுக்குள் ஆர்டிஓ-வுக்குச் சொல்லி ஆர்சி-யை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. ஓட்டை இங்கேதான். இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று சொல்வது செலவுக் கணக்கு. 'நிரந்தரமாக ஓட்ட முடியாது' என்பது வண்டியின் நிலை. இரண்டும் ஒன்றல்ல. எனவே டோட்டல் லாஸ் ஆன வண்டியின் ஆர்சி பல நேரம் உயிரோடுதான் இருக்கும். பரிவாகன் செயலியில் பார்த்தால் எல்லாம் பச்சை. உரிமையாளர் பெயர், இன்சூரன்ஸ், எஃப்சி எல்லாம் சரியாக இருக்கும். வண்டி ஒரு வாரம் தண்ணீரில் நின்றது மட்டும் அதில் இருக்காது.

வெள்ள வண்டியின் பிரச்னை உடனே தெரியாது. இன்ஜினைப் பிரித்துக் கழுவி ஓடவைத்துவிடலாம். வயரிங், கனெக்டர், ஈசியு, ஏர்பேக் சென்சார் இவையெல்லாம் மெல்ல மெல்ல அரிக்கும். விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போனால், மறைத்து விற்ற விஷயம் பண நஷ்டத்தோடு நிற்காது.

கண்டுபிடிக்கச் சில வழிகளை மெக்கானிக்குகள் சொல்வார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சேற்றுக் கறை இருக்கலாம். ஸ்டெப்னி இருக்கும் குழியையும் சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள், துரு சொல்லும். கண்ணாடிகளில் இருக்கும் தயாரிப்பு ஆண்டுக் குறியீடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறதா, பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்ப்பது ஆக்சிடென்ட் வண்டிக்கு. வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் ஏன் என்று கேளுங்கள்.

இன்னொரு எளிய வழியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கி 'நோ க்ளெய்ம் போனஸ்' எவ்வளவு என்று பாருங்கள். க்ளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று அது ஏறும். க்ளெய்ம் எடுத்தால் பொதுவாக பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். ஐந்து வருடம் ஒரே கையில் இருந்த வண்டிக்குப் போனஸ் பூஜ்ஜியம் என்றால், அங்கே ஒரு கதை இருக்க வாய்ப்பு அதிகம். இது உறுதியான ஆதாரம் அல்ல. போனஸ் வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்குச் சொந்தம். அவர் பழைய வண்டியின் போனஸை இதற்கு மாற்றியிருக்கலாம், போனஸைக் காக்கும் கூடுதல் கவரும் எடுத்திருக்கலாம். ஆனாலும் கேள்வி கேட்க இதுவே போதும்.

புது கார் என்றால் கவலை இல்லையா?

புது காரிலும் இந்தப் பிரச்னை வரும். தொழிற்சாலையிலிருந்து ஷோரூம் வருவதற்குள் லாரியில் உரசல், யார்டில் இடி, பெயின்ட் சேதம். இதைச் சரிசெய்துவிட்டுச் சொல்லாமல் விற்கலாமா?

உலகத்தில் இந்தக் கேள்விக்குப் பெயர் வாங்கிய வழக்கு அமெரிக்காவில் நடந்தது. 1990-ல் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் ஒரு டாக்டர் சுமார் 40,750 டாலருக்குப் புது பிஎம்டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் ஓட்டிய பிறகு, பாலிஷ் போடக் கொடுத்த இடத்தில்தான் அது ரீபெயின்ட் செய்யப்பட்ட கார் என்று தெரிந்தது. அமில மழையால் பெயின்ட் கெட்டிருந்ததாம். சரிசெய்த செலவு 601 டாலர். காரின் விலையில் 3 சதவீதத்துக்குக் குறைவான ரிப்பேர் என்றால் டீலரிடம்கூடச் சொல்ல வேண்டாம், புதிது என்றே விற்கலாம் என்பது கம்பெனியின் கொள்கை.

ஜூரி கொடுத்த தீர்ப்பு: நஷ்டஈடு 4,000 டாலர், தண்டனைத் தொகை 40 லட்சம் டாலர். மாநில உச்ச நீதிமன்றம் அதை 20 லட்சமாகக் குறைத்தது. 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதுவும் மிக அதிகம் என்று சொன்னது. கடைசியில் தண்டனைத் தொகை 50,000 டாலரில் நின்றது. தண்டனைத் தொகைக்கு எல்லை உண்டு என்பதற்காகத்தான் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஆனால் மறைத்தது தவறு என்பதும், பெயின்ட் விஷயமாக இருந்தாலும் வாங்கியவருக்கு நஷ்டம் நஷ்டம்தான் என்பதும் கடைசிவரை மாறவில்லை.

இந்தியாவில் '3 சதவீதம் வரை சொல்ல வேண்டாம்' என்பது போன்ற எல்லைக்கோடு எதுவும் சட்டத்தில் இல்லை. உண்மை தெரிந்திருந்தால் வாங்கியிருப்பாரா, இந்த விலை கொடுத்திருப்பாரா என்பதுதான் கேள்வி.

புகார் யார் மீது என்பதையும் கவனிக்க வேண்டும். கோவாவில் ஒருவருக்கு 2009 மாடல், 622 கிலோமீட்டர் ஏற்கெனவே ஓடிய கார், புது 2011 மாடல் என்று விற்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. தவறு செய்தது டீலர். அது தயாரிப்பாளருக்குத் தெரியும் என்று நிரூபிக்காமல் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்றது நீதிமன்றம். பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவரை விட்டுவிட்டுப் பெரிய கம்பெனியை மட்டும் எதிர்த்து வழக்குப் போட்டால் கை நழுவிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது?

வியாபாரியிடமோ, ஷோரூமிலோ, கட்டணம் வாங்கும் ஆன்லைன் நிறுவனத்திடமோ வாங்கியிருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த வசதி. கோயம்புத்தூரில் வாங்கிய வண்டிக்குத் திருநெல்வேலியில் வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், சொந்த வண்டியை விற்ற தனிநபர் என்றால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் பொருந்தாது. அவர் வியாபாரி அல்ல. அப்போது சிவில் கோர்ட்தான். அங்கே மூன்று வருடக் காலக்கெடு. மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கு.

போலீஸுக்கும் போகலாம். பழைய 420-க்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு. நேர்மையற்ற எண்ணத்தோடு உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதல்தான் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஏமாற்றிப் பொருளையோ பணத்தையோ கைமாற்றவைத்தால் ஏழு வருடம் வரை சிறை. ஆனால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். 'இது சிவில் மேட்டர்' என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புவது நடக்கிற விஷயம்தான்.

எங்கே போனாலும் வழக்கு நிற்பதும் விழுவதும் ஆதாரத்தில். மெக்கானிக் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் எழுத்துபூர்வ அறிக்கை, சேதத்தின் போட்டோ, பழைய சர்வீஸ் ஹிஸ்டரி, இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரம், அந்த வாட்ஸ்அப் உரையாடல் இவைதான் பேசும். முக்கியமாக, அறிக்கை வாங்குவதற்கு முன் வண்டியை ரிப்பேர் செய்துவிடக் கூடாது. சரிசெய்துவிட்டால் ஆதாரமும் சேர்ந்து சரியாகிவிடும்.

விற்பவர் தன்னைக் காத்துக்கொள்ள என்ன செய்யலாம்?

டெலிவரி நோட்டில் நான்கு வரி அதிகம் எழுதினால் போதும். '2021-ல் முன்பக்கம் இடிபட்டு, பம்பரும் பானெட்டும் மாற்றப்பட்டது; இன்சூரன்ஸில் சரிசெய்யப்பட்டது; வாங்குபவர் மெக்கானிக்குடன் வந்து பார்த்தார்' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கு மறைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. பேரத்தில் கொஞ்சம் குறையலாம். அடிபட்ட வண்டி என்று தெரிந்தே, விலை குறைகிறது என்பதற்காக வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

டெலிவரி கொடுத்த தேதி, நேரம், கிலோமீட்டர் மூன்றையும் அதே தாளில் எழுத வேண்டும். பெயர் மாறாமல் வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியை விற்று இரண்டு வருடம் ஆன பிறகும் நஷ்டஈட்டு நோட்டீஸ் பழைய ஓனர் வீட்டுக் கதவைத் தட்டுவது இதனால்தான்.

நுகர்வோர் புகாரை ஆன்லைனில் பதிவு செய்ய மத்திய அரசின் இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. வழக்குக்கு முன் ஆலோசனை கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.